அஞ்சு பப்பாளி வச்சோம், நாலு ஆம்பள மரம்

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச வாரம் அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டாந்து மேஜை மேல வச்சாங்க. பிரிச்சுப் பார்த்தா காஞ்ச பப்பாளி விதை, மிளகு மாதிரி கறுப்பா சுருங்கிப்போய் கெடந்துச்சு. பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல நாங்க இருந்தப்ப லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால ஒரு பப்பாளி மரம் நின்னுச்சு, நான் ஸ்கூல் விட்டு வந்தா அம்மா அந்தப் பழத்தை அறுத்து உப்பும் மிளகாத்தூளும் தூவித் தருவாங்க, அந்த மரம் எப்பவோ போயிருச்சு ஆனா அதோட வம்சத்துல ஒன்னு அம்மாவோட கூட்டாளி ஒருத்தங்க வீட்டு வாசல்ல இன்னும் நிக்குதாம். இப்ப அந்த லயத்தையும் இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு அம்மா கிராப் டாக்ஸி போட்டுக்கிட்டு தனியாவே போய் ஒரு பழம் வாங்கிட்டு வந்து, விதையைச் சாம்பல்ல உருட்டி வழுவழு தோலை எல்லாம் தேய்ச்சு எடுத்து, நிழல்ல காய வச்சிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அதனால இந்த மரங்கள் எனக்கு சும்மா பப்பாளி இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அப்புறம் நடந்ததுக்கு நான் ஏன் அவ்வளவு வருத்தப்பட்டேன்னு உங்களுக்குப் புரியணும்.

நாங்க இருக்கிறது சுங்கை ஆராவுல ஒரு டெரஸ் வீடு, கார்னர் லாட். பக்கவாட்டுல ஒரு துண்டு நிலம் இருக்கு, முன்னால கறிவேப்பிலை, பின்னால வாழை, நடுவுல அஞ்சு பப்பாளி வைக்கலாம், அதுக்கு மேல முடியாது. பப்பாளிக்கு ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் 6 அடியாவது விடணும், வேர் தண்ணியில நிக்கவே கூடாது, நம்ம ஊரு மழைக்கு 2 நாள் தண்ணி தேங்கினா போதும் இலை மஞ்சளாகி மரம் உக்காந்துரும். அதனால அண்ணன் வந்து மண்ணை மேடாக்கிக் கொடுத்தாரு. பாலிபேக்ல போட்ட விதை 3 வாரத்துல முளைச்சுச்சு, மார்ச் மாசம் நல்லா வந்த அஞ்சு கன்னைத் தேர்ந்தெடுத்து நட்டோம். கோழிச் சாணம், வாரத்துக்கு ஒரு தடவை அரிசி கழுவின தண்ணி. ஜூலைக்குள்ள என் தோள் உசரம் வந்துருச்சு.

முதல்ல பூத்தது சாக்கடை ஓரத்து மரம். காலையில துணி காயப்போடப் போனவ பார்த்தேன், இலைக் காம்புக்கு நடுவுலேருந்து ஒரு நீளமான காம்பு தொங்குது, ஒரு முழம் இருக்கும், அதுல கிளை கிளையா பிரிஞ்சு நூறு சின்னப் பூ, வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம. கிட்ட போனா மல்லி மாதிரி ஒரு வாசம். எனக்கு சந்தோஷம் தாங்கல, இவ்வளவு பூவா, அத்தனையும் காய்க்கப் போகுதுன்னு நெனச்சு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்தாங்க, ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "இது ஆம்பள மரம்மா" அப்படின்னாங்க, அவ்வளவுதான், துணி கிளிப்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அடுத்த 2 வாரத்துல இன்னும் மூனு மரம் அதே மாதிரி காம்பை நீட்டுச்சு. அஞ்சுல நாலு.

ராத்திரி போன்ல தேடினேன். ஆண் செடி எதிர்பாராம வந்தா என்ன பண்றதுன்னு இங்கிலீஷ்ல போட்டா வர்றதுல முக்கால்வாசி கஞ்சா செடி பத்தி. அங்க எல்லாரும் சொல்றது ஒன்னுதான், ஆண் செடியைப் பார்த்த உடனே பிடுங்கு, ஒரு நாள் கூட விடாதே. ஏன்னா அதுவும் ஆண் பெண் தனித்தனியா வர்ற செடி, மகரந்தம் பட்டுட்டா பெண் செடி பூவுல விதை புடிச்சிரும், அவங்களுக்கு வேண்டியது விதை இல்லாத பூ. நம்ம மலேசியாவுல 1952ஆம் வருஷத்து அபாயகர போதைப்பொருள் சட்டப்படி அதை வளர்க்கிறதே பெரிய குற்றம், அது நமக்கு வேண்டவே வேண்டாம், ஆனா நான் அந்த ஆலோசனையைப் படிச்சிட்டு அப்படியே பப்பாளிக்கும் அதுதான் போலன்னு நம்பிட்டேன், மறுநாள் அண்ணனுக்கு போன் பண்ணி பாராங் கத்தி எடுத்துட்டு வாண்ணே நாலையும் வெட்டிடலாம்னு சொல்லிட்டேன். இதுதான் நான் பண்ண இருந்த தப்பு. அவங்களுக்கு வேண்டியது காய் புடிக்காத பூ, நமக்கு வேண்டியது காய். ரெண்டும் நேர் எதிர்.

நல்ல வேளை அண்ணன் அன்னைக்கு வரல, வேலையில ஓவர்டைம். அந்த வாரக் கடைசியில பாலேக் பூலாவ்ல இருக்கிற பெரியப்பாவைப் பார்க்கப் போனோம், ஜாலான் துன் சார்டோன் மலை வளைவுல ஏறி இறங்கிப் போற வழி. பெரியப்பா ரொம்ப வருஷமா அங்க ஒரு சீனர் தோட்டத்துல ஜாதிக்காய் மரம் பார்த்துக்கிறாரு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க 1790கள்ல மலுக்கு தீவுகள்லேருந்து பினாங்குக்குக் கொண்டாந்த மரம், இன்னைக்கும் பினாங்கு வந்தா ஜாதிக்காய் ஜூஸ் குடிக்காம யாரும் போறதில்ல. ஆனா அந்த ஜாதிக்காயும் ஆண் மரம் பெண் மரம் தனித்தனிங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். விதை போட்டா பூக்க 6, 7 வருஷம் ஆகும், அது வரைக்கும் எது என்னன்னு பார்த்துச் சொல்ல முடியாது, அதனால இப்பல்லாம் காய்க்கிற மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டித்தான் வைக்கிறாங்க.

நான் என் கதையைச் சொன்னேன். பெரியப்பா ஜாதிக்காயை கத்தியால வகுந்துக்கிட்டே கேட்டாரு, சிவப்பு பத்திரி அப்படியே பளபளன்னு இருந்துச்சு. "நீ அஞ்சு மாசத்துல தெரிஞ்சுகிட்ட, நான் ஒரு மரத்துக்கு 7 வருஷம் காத்துக்கிட்டு கெடந்தேன்மா" அப்படின்னாரு. அந்த மரத்தை வெட்டினீங்களான்னு கேட்டேன். வெட்டல, அதோ நிக்குதுன்னு கையைக் காட்டினாரு. பத்து பொம்பள மரத்துக்கு ஒரு ஆம்பள வேணும், இல்லன்னா பூவெல்லாம் கொட்டிப் போயிடும், அதுவும் மேட்டுல காத்து வர்ற பக்கம் நின்னா இன்னும் நல்லதுன்னு சொன்னாரு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு, அதுதான் முக்கியம். "விதை எடுத்த பழம் எப்படி இருந்துச்சு? உருண்டையா, நீளமா?"

அம்மாதான் பதில் சொன்னாங்க, உருண்டைன்னு.

இதை கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது தெரியாமதான் நிறைய பேரு மரத்தை வெட்டிட்டு கண்ணைக் கசக்குறாங்க. பப்பாளியில மூனு வகை மரம் இருக்கு. ஆண் மரம், பெண் மரம், அப்புறம் ஒரே பூவுல ரெண்டும் இருக்கிற இருபால் மரம். கடையில நீங்க வாங்குற நீளமான பழம், செக்காக்கியோ எக்ஸோட்டிக்காவோ, அது இருபால் மரத்துப் பழம். எக்ஸோட்டிக்கா நம்ம மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1987ல வெளியிட்ட ரகம், ஹவாய் ரகமும் நம்ம ஊரு சுபாங் ரகமும் கலந்து உண்டாக்கினது. அந்த மாதிரி மரம் தன் பூவுக்குத் தானே மகரந்தம் குடுத்துக்கும், அதோட விதையைப் போட்டா மூனுல ரெண்டு பங்கு இருபால் மரமா வரும், ஒரு பங்கு பெண்ணா வரும், ஆண் மரம் வரவே வராது. காரணம் குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய், இருபால் மரத்துக்கு எக்ஸோட கொஞ்சம் வேற மாதிரி ஒரு ஒய், ரெண்டு ஒய் சேர்ந்துட்டா அந்தக் கரு பிழைக்காது. கடைப் பழத்து விதையில உங்களுக்கு ஆண் மரம் வந்துச்சுன்னா எங்கேருந்தோ ஒரு ஆண் மரத்து மகரந்தம் அந்தப் பூவுக்குப் போயிருக்குன்னு அர்த்தம்.

உருண்டைப் பழம் வேற. அது பெண் மரத்துல காய்ச்சது. அந்த லயத்து வாசல்ல பெண் மரம் நிக்குது, சுத்துவட்டாரத்துல எங்கேயோ ஒரு ஆண் மரமும் நின்னுருக்கு, அது ரெண்டும் சேர்ந்தா விதை சரிபாதி, பாதி ஆண் பாதி பெண். காசு சுண்டுற மாதிரி, எங்களுக்கு அஞ்சு தடவையில நாலு தடவை தலை விழுந்துருச்சு, அவ்வளவுதான். மரத்து மேல தப்பு இல்ல, அம்மா வளர்த்த விதத்துல தப்பு இல்ல. விதையைப் பார்த்து, வேரைப் பார்த்து, கன்னு குட்டையா நெட்டையான்னு பார்த்து சொல்லிடலாம்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க, எதுவும் நம்பாதீங்க. லேப்ல இலையைக் குடுத்து டெஸ்ட் பண்ணா தெரியும், வீட்டுல பூ வந்தாதான் தெரியும்.

இன்னொன்னும் பெரியப்பா சொன்னாரு, ஆம்பள மரம் கொஞ்சம் முந்திப் பூக்கும், அதனால முதல்ல பூக்கிறதைப் பார்த்து மனசு உடையக் கூடாது, மத்ததுக்கு நாள் குடுக்கணும். அதே மாதிரி ஆகஸ்ட் நடுவுல, வாழைக்குப் பக்கத்துல நின்ன அஞ்சாவது மரம் மொட்டு விட்டுச்சு. பார்த்தவுடனேயே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. காம்பு நீளமே இல்ல, தண்டோட ஒட்டி ஒத்தை ஒத்தையா, கூம்பு மாதிரி, அடி பெருத்த மொட்டு, என் சுண்டுவிரல் நுனி அளவுக்கு. இது வேற அது வேறன்னு மனசுல பதியணும்னு ரெண்டுலயும் ஒவ்வொன்னு பறிச்சு சமையல்கட்டுல தட்டுல வச்சு நகத்தால கிழிச்சேன். ஆண் பூ மெலிசா குழல் மாதிரி, உள்ள மஞ்சளா பத்து மகரந்தப் பை ரெண்டு வரிசையா ஒட்டிக்கிட்டு நிக்குது, நடுவுல காயாக வேண்டிய இடத்துல ஊசி மாதிரி ஒன்னு இருக்கு, அவ்வளவுதான். பெண் பூவை அஞ்சு இதழையும் விலக்கினா உள்ள ஒரு குட்டிப் பப்பாளியே உக்காந்திருக்கு, பால் வெள்ளையில, தலைல அஞ்சு கொண்டை, ஒவ்வொன்னும் நுனியில கிழிஞ்சு சேவல் கொண்டை மாதிரி. வெட்டின இடத்துலேருந்து பால் கசிஞ்சு என் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு. அம்மா அதைப் பார்த்துட்டு ஒரு பூ வீணாப் போச்சேன்னு வருத்தப்பட்டாங்க, நான் சொன்னேன் இனிமே ஒன்னு கூட வீணாக விட மாட்டேன்மான்னு.

அந்த ஞாயித்துக்கிழமை அண்ணன் பாராங்கோட வந்தாரு. மூனு ஆண் மரத்தை வெட்டினோம், ஒன்னை விட்டோம். எதை விடறதுங்கிறதுல எனக்கும் அண்ணனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம், அவரு பெரிய மரத்தை விடணும்னாரு, நான் சாக்கடை ஓரத்துல நிக்கிறதை விடலாம்னேன், அது மூலையில இருக்கு, நெழலு யார் மேலயும் விழாது, பூவும் நிக்காம பூத்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு பெண் மரத்துக்கு ஒரு ஆண் அதிகம்தான், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஆண் பெண் தனியா வர்ற ரகத்துக்கு 15, 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும்னு சொல்றாங்க. ஆனா ஒன்னுமே இல்லாம இருக்க முடியாதே. பப்பாளித் தண்டு உள்ள பொள்ளல், ரெண்டு மூனு வெட்டுல சாஞ்சுரும். வெட்டுறப்ப பால் கண்ணுல படாம பார்த்துக்கணும், கையுறை போடுங்க, எனக்கு மணிக்கட்டுல தடிச்சு 2 நாள் அரிச்சுச்சு. அண்ணன் தண்டைத் துண்டு துண்டா நறுக்கி வாழைக்கு அடியில போட்டாரு. அம்மா வெளிய வரவே இல்ல. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

தலையை வெட்டினா பொம்பளையா மாறிடும், தண்டுல ஆணி அடிச்சா காய்க்கும்னு பக்கத்துல ரெண்டு பேரு சொன்னாங்க. ஆண் மரம் சில நேரம் தானாவே அந்த நீளக் காம்பு நுனியில காய் தொங்கவிடுறது உண்டு, வெயில் குளிர் மாறுறப்ப அப்படி நடக்கும், ஆணி அடிச்ச வீட்டுல அது நடந்துட்டா ஆணிதான் காரணம்னு பேராகிடுது. ஆணி அடிச்சா மரத்துக்குக் காயம்தான் மிச்சம், அந்தக் காயத்துல கிருமி பூந்து தண்டு அழுகும். பண்ணாதீங்க.

வெட்டுறதுக்கு முன்னாலயே அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்னு கூப்பிடுவோம், ஒரு கூடையோட வந்துட்டாங்க. மலாய்க்காரங்க ஆண் பப்பாளிப் பூவை சமைச்சு சாப்பிடுவாங்க, அவங்க பாஷையில அந்தப் பூவுக்கு புங்கா பெத்திக்னு பேரு, பசார்ல காசு குடுத்து வாங்கற சாமான். இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தும் எனக்குத் தெரியாது. மொட்டும் பூவுமா உருவி எடுத்து, ஒரு கைப்பிடி கொய்யா இலையோட தண்ணியில கொதிக்க விட்டு, பிழிஞ்சு, மறுபடி தண்ணி மாத்திக் கொதிக்க விட்டா கசப்பு குறையும். அப்புறம் நெத்திலி, சின்ன வெங்காயம், பச்ச மிளகா போட்டு வதக்கினாங்க. கசப்பு போகல, பாவக்கா மாதிரி ஒரு கசப்பு நாக்குல நிக்குது, ஆனா சுடுசோத்துக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சு. அம்மா ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டாங்க. இப்பவும் நிக்கிற அந்த ஒரு மரத்துப் பூவை மாசத்துக்கு ரெண்டு தடவை பறிக்கிறோம், மக்சிக்குக்குப் பாதி எங்களுக்குப் பாதி, கீழ் கொத்தை மட்டும், மேல் கொத்தை மகரந்தத்துக்கு விட்டுடுவோம்.

மகரந்தம் சும்மா போய்ச் சேரும்னு இருந்துடாதீங்க, அதையும் சொல்லணும். பப்பாளிக்கு ராத்திரியில வர்ற பெரிய அந்துப்பூச்சிதான் முக்கியமான ஆளு, பூ ராத்திரியில அவ்வளவு வாசம் வீசறது அதுக்காகத்தான். எங்க குடியிருப்புல டெங்கி வந்துச்சுன்னா ஃபாகிங், அதான் கொசு மருந்துப் புகை, அடிப்பாங்க, அது வேணும், யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது, ஆனா கொசுவோட சேர்ந்து அந்துப்பூச்சியும் போகுது. எங்க மரத்துல முதல் ஆறேழு பூ மஞ்சளாகிக் கொட்டிருச்சு. அதுக்கப்புறம் காலையில காப்பி போடறதுக்கு முன்னால நான் போய், அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூ ரெண்டு மூனு பறிச்சு, குழலைக் கிழிச்சு, மஞ்சப் பொடி தெரியற மாதிரி புடிச்சு, பெண் பூவோட அந்தக் கொண்டையில மெல்லத் தடவி விடுவேன். ஒரு பூவுக்கு அரை நிமிஷம். தடவின பூ எதுன்னு தெரியணும்னு அம்மா சிவப்பு ராஃபியா கயித்தை சின்னச் சின்னதா கிழிச்சுக் காம்புல தொங்க விட்டாங்க. 11 பூவுக்குக் கட்டினோம், 9 காய் நின்னுச்சு.

முதல் பழம் இந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மஞ்சக் கோடு விட்டுச்சு. கோடு விட்டப்பவே பறிச்சு அரிசி டின்னுல ரெண்டு நாள் வச்சோம், இல்லன்னா அணில் நம்மளை முந்திக்கும். உருண்டையா, ரெண்டு கையும் சேர்த்துப் புடிக்கிற அளவு. அம்மா அறுத்தாங்க, சிவப்பு இல்ல, அந்தப் பழைய ஆரஞ்சு மஞ்சள். உப்பு, மிளகாத்தூள். இனிப்புன்னு பார்த்தா கடைப் பழம்தான் இனிப்பு, இதுல கொஞ்சம் தண்ணி அதிகம், லேசா ஒரு வாசம் இருக்கும், அந்த வாசம்தான். அம்மா ஒன்னும் பேசல, நானும் பேசல, ஒரு பாதியை ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சோம். மத்த பாதியை மக்சிக் வீட்டுக்குக் குடுத்துட்டு வந்தேன்.

இந்த விதையும் பாதிக்குப் பாதிதான் வரும், அப்பனும் ஆத்தாளும் எங்க வேலிக்குள்ளேயே நிக்கிறாங்க. அதனால இந்த தடவை குழிக்கு ஒன்னுன்னு வைக்கல. தோட்டக்காரங்க பண்ற மாதிரி ஒரு குழிக்கு மூனு கன்னு, ஒரு சாண் இடைவெளியில, பூ வந்ததும் பெண் ஒன்னை மட்டும் நிறுத்திட்டு மத்ததை எடுத்துடறது. மூனுமே ஆணா போறதுக்கு எட்டுல ஒரு வாய்ப்புதான். அம்மா பாலிபேக்ல மண் நிரப்பி வரிசையா வச்சிருக்காங்க, ஒவ்வொன்னுலயும் மூனு விதை, எண்ணி எண்ணி. நேத்து சாயங்காலம் பார்த்தேன், ஓரத்துல தனியா ஒரு பேக், அதுல சிவப்பு ராஃபியா கட்டியிருக்கு. இது எதுக்கும்மான்னு கேட்டேன். நிபோங் திபால் கூட்டாளி இப்ப மகன் வீட்டுக்குப் பட்டர்வொர்த் வந்துட்டாங்களாம், அங்க ஒரு சின்ன இடம் இருக்காம், அவங்களுக்குன்னு சொன்னாங்க.